1.65 லட்சத்துக்கு ஷாக் அப்சார்பர்: உங்க பிக்கப்புக்கு அது உண்மையில தேவையா?

பணத்தைப் பத்திப் பேசற சேனல்ல ஷாக் அப்சார்பருக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. கார் வாங்கும்போது இஎம்ஐ, இன்ஷூரன்ஸ், டீசல் எல்லாத்தையும் எக்செல்ல போட்டுப் பார்க்கிற நம்ம மக்கள், வாங்கின பிறகு அதே வண்டிக்குச் செய்யற செலவை மட்டும் கணக்கே பார்க்காம செய்யறாங்க. ஃபோர் பை ஃபோர் பிக்கப் வாங்கினவங்ககிட்ட இது இன்னும் கொஞ்சம் அதிகம்.

போன மாசம் கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தார். வயசு 29, ஐடி வேலை, கைக்கு வர்ற சம்பளம் 78,000. செகண்ட் ஹேண்ட்ல இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் வாங்கியிருக்கார், அதுக்கு மாசம் 24,000 இஎம்ஐ. வண்டி 70,000 கி.மீ. ஓடியாச்சு, ஷாக் போயிடுச்சு. கடையில ரிசர்வாயர் வெச்ச இம்போர்ட்டட் செட்டைக் காட்டி, ஃபிட்டிங்கோட சேர்த்து 1,65,000 சொல்லியிருக்காங்க. "பர்சனல் லோன் போடலாமா, எமர்ஜென்சி ஃபண்ட்ல எடுக்கலாமா சார்?" இதுதான் கேள்வி.

ரெண்டும் வேண்டாம்னு பதில் போட்டேன். பணம் எங்கேருந்து வரணும்ங்கிறது ரெண்டாவது கேள்வி. எந்த ஷாக் வேணும்ங்கிறதுதான் முதல் கேள்வி. அந்த முடிவை அவர் விக்கிறவர் கையில விட்டுட்டார்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஷாக்கைத் தீர்மானிக்க வேண்டியது மூணு விஷயம்: வண்டில வழக்கமா ஏத்தற எடை, வழக்கமா ஓடற ரோடு, இன்னும் எத்தனை வருஷம் அந்த வண்டிய வெச்சிருக்கப் போறீங்கங்கிறது. முதல் ரெண்டையும் நல்ல மெக்கானிக் கேட்பார். மூணாவதை யாருமே கேட்கறதில்ல. பணக் கணக்கைப் புரட்டிப் போடறது அதுதான்.

முதல்ல, ஷாக் நிஜமாவே போயிடுச்சா?

வண்டியோட எடையைத் தாங்கறது ஸ்பிரிங். ஷாக்கோட வேலை அந்த ஸ்பிரிங் ஆடற ஆட்டத்தை அடக்கறது. பள்ளத்துல விழுந்து ஸ்பிரிங் அமுங்கி எழும்பும்போது, ஷாக்குக்குள்ள இருக்கிற பிஸ்டன் எண்ணெயைச் சின்னச் சின்ன வால்வு வழியாத் தள்ளுது. ஆட்டம் சூடா மாறி வெளியே போயிடுது. அவ்வளவுதான் விஷயம். அதனால வண்டியோட பின்பக்கம் லோடுல தொங்குதுன்னா புது ஷாக் மாட்டி நிமிர்த்த முடியாது, ஸ்பிரிங்கைத்தான் பார்க்கணும்.

வி-கிராஸ்ல முன்னாடி காயில் ஸ்பிரிங், பின்னாடி லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை. அந்தப் பட்டை லோடு ஏத்தறதுக்காகப் போட்டது. காலி வண்டியா ஸ்பீட் பிரேக்கர் ஏறினா பின்சீட்ல இருக்கிறவங்க தலை கூரையில இடிக்கத்தான் செய்யும். "ஷாக் போயிடுச்சு"ன்னு வர்ற புகார்ல ஒரு பங்கு இதுதான். கூடவே பின் டயர்ல லோடுக்கான காத்தை அடிச்சு வெச்சுட்டு காலியா ஓட்டறதும் உண்டு. காலி வண்டிக்கு எவ்வளவு காத்துன்னு ஸ்டிக்கர்லயோ மேனுவல்லயோ பார்த்து, அந்த அளவுக்கு வெச்சு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. இந்த வைத்தியத்துக்குச் செலவு பூஜ்யம்.

நிஜமாவே தேய்ஞ்ச ஷாக் வேற மாதிரி காட்டிக் கொடுக்கும். உடம்புல எண்ணெய் வழிஞ்சு தூசி சேறு மாதிரி அப்பியிருக்கும். (லேசா ஈரம் மட்டும் இருந்தா பதறாதீங்க.) டயர்ல அங்கங்கே கிண்ணம் கிண்ணமாத் தேய்மானம் வரும். பிரேக் போட்டா மூக்கு குப்புற இறங்கும். வளைவுல ரோடு மேடு பள்ளமா இருந்தா பின்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். இதுல ரெண்டு இருந்தா தள்ளிப் போடாதீங்க. டயர் ரோட்டைப் பிடிச்சுட்டு இருந்தாத்தான் பிரேக் பிடிக்கும். ஆழியார்லேர்ந்து வால்பாறைக்கு 40 ஹேர்பின் இருக்கு. இறங்கும்போது தேய்ஞ்ச ஷாக்கோட இறங்கி மிச்சம் பிடிக்கிற காசு நமக்கு வேண்டாம். இந்த விஷயத்துல கஞ்சத்தனமும் நஷ்டம்தான், புது டயர் செட்டோட விலையைக் கேட்டாலே தெரிஞ்சுடும்.

எடையும் ரோடும்

கடையில வகை வகையாச் சொல்வாங்க. சுருக்கமாப் பார்த்தா, ட்வின் ட்யூப்னா குழாய்க்குள்ள குழாய். பிஸ்டன் உள் குழாய்ல ஓடும், வெளிக் குழாய் மிச்ச எண்ணெய்க்கு. கல்லு பட்டு வெளிப்பக்கம் நசுங்கினாலும் பெரும்பாலும் ஓட்டிட்டு வீடு வந்து சேரலாம். விலையும் குறைவு. மோனோ ட்யூப்ல ஒரே குழாய், உள்ளே எண்ணெயும் அதிக அழுத்தத்துல நைட்ரஜனும் தனித்தனியா இருக்கும். சூடு சீக்கிரம் வெளியேறும், எண்ணெய் நுரைக்காது, வண்டி கட்டுப்பாட்டுல இருக்கும். ஆனா குழாய்ச் சுவரிலேயே பிஸ்டன் ஓடறதால பலமா நசுங்கினா அங்கேயே சிக்கிக்கும். ரிசர்வாயர்னா பக்கத்துல இன்னொரு சின்ன டப்பா. எண்ணெய் கூடுதல், அதனால சூடேற நேரமாகும்.

பிராண்டுன்னு பார்த்தா ஓல்ட் மேன் ஈமுவோட நைட்ரோசார்ஜர் வரிசை ட்வின் ட்யூப், பில்ஸ்டீன் 5100 மோனோ ட்யூப். ரெண்டும் நல்ல பேர் எடுத்ததுதான். பேரை விட்டுட்டு, உங்க வண்டியோட வருஷத்துக்கும் மாடலுக்கும் சரியான பார்ட் நம்பர் இருக்கா, இன்னும் மூணு வருஷம் கழிச்சு ஒத்தை ஷாக் மட்டும் கேட்டா கிடைக்குமான்னு கேளுங்க. ஒரு பக்கம் கசிஞ்சு, இன்னொண்ணு வர ரெண்டு மாசம் ஆகும்னா அதுவரைக்கும் ஆபீசுக்குக் கேப்ல போகணும். அதுவும் ஒரு செலவுதான்.

இந்தச் சூடு விஷயத்தைக் கொஞ்சம் கவனிங்க. விலை உயர்ந்த ஷாக்குக்குக் கொடுக்கற காசுல பெரும்பகுதி சூட்டைத் தாங்கறதுக்குத்தான். சலவைக்கல் மாதிரி வரி வரியா இருக்கிற மண் ரோட்டுல மணிக்கணக்கா, லோடோட, வேகமா ஓடினா சாதாரண ஷாக் சூடாகித் தளர்ந்துடும். லடாக்ல அப்படி ரோடு உண்டு. எஸ்டேட் ரோட்டுல மணிக்கு 15 கி.மீ. வேகத்துல கல்லு மேல ஏறி இறங்கறதுல அந்த அளவுக்குச் சூடே ஏறாது. அங்கே டயரும் ஓட்டறவரோட பொறுமையும்தான் வேலை செய்யுது.

அந்தக் கோவை நண்பரை ஒரு வருஷ ஓட்டத்தை எழுதி அனுப்பச் சொன்னேன். மொத்தம் 12,000 கி.மீ. அதுல தார் ரோட்டை விட்டு இறங்கினது 500 கி.மீ. கூட இல்ல, நூத்துக்கு நாலு. பின்னாடி கேனோபி கிடையாது, கூரை டென்ட் கிடையாது, வின்ச் கிடையாது. லடாக் "அடுத்த வருஷம் போகலாம்னு இருக்கேன்". சரி, போகட்டும். ஒரு தடவை லடாக் போறதுக்காக 365 நாளும் சரவணம்பட்டி சிக்னல்ல ரிசர்வாயரைச் சுமந்துட்டு நிக்கணுமா?

நிரந்தரமா 150, 200 கிலோ கூடுதலா ஏத்தினவங்க கதை வேற. அவங்க ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் அந்த எடைக்குப் பொருத்தமாச் சேர்த்தே வாங்கணும். எல்லா மாசமும் வண்டிய மண் ரோட்டுல அடிச்சு ஓட்டறவங்களுக்கும் நல்ல மோனோ ட்யூப் காசுக்கேத்த பொருள்தான். அவங்களை நான் தடுக்கல.

இப்போ கணக்கு

கீழே இருக்கிற விலையும் ஆயுளும் கணக்குக்காக நான் வெச்சுக்கிட்டது. உங்க கொட்டேஷனை வாங்கி அந்த இடத்துல போட்டுக்கோங்க.

முதல் வகை, கம்பெனி ஷாக்கே: நாலுக்கும் 30,000, கூலி 5,000, ஆயுள் 60,000 கி.மீ. ரெண்டாவது, ஃபோர் பை ஃபோர் பிராண்டோட கேஸ் ட்வின் ட்யூப்: 60,000, கூலி 5,000, ஆயுள் 80,000 கி.மீ. மூணாவது, ரிசர்வாயர் மோனோ ட்யூப்: கூலியோட 1,65,000, 50,000 கி.மீ.ல சீல் மாத்தி ரீபில்ட் பண்ண 30,000.

வருஷம் 12,000 கி.மீ. ஓடி, 4 வருஷத்துல வண்டிய விக்கிறீங்கன்னா மொத்தம் 48,000 கி.மீ. முதல் வகைக்கு கி.மீ.க்கு 73 பைசா. ரெண்டாவதுக்கு 1 ரூபாய் 35 பைசா. மூணாவதுக்கு 3 ரூபாய் 44 பைசா.

அதே வண்டிய 7 வருஷம் வெச்சிருந்தா 84,000 கி.மீ. இப்போ முதல் வகையை ரெண்டு தடவை மாத்தணும், மொத்தம் 70,000, அதாவது கி.மீ.க்கு 83 பைசா. ரெண்டாவது வகை ஒரே செட்ல கிட்டத்தட்ட முடிஞ்சுடும், 77 பைசா. மலிவா இருந்தது விலை கூடினதா ஆயிடுச்சு பாருங்க! மூணாவது மட்டும் எப்படிப் போட்டாலும் 2 ரூபாய் 32 பைசாவுக்குக் கீழ இறங்கல.

விக்கும்போது திரும்பக் கிடைக்கும்னு சிலர் சொல்வாங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவர் "எதுக்கு சார் இதெல்லாம் மாத்தினீங்க, நல்லா அடிச்சு ஓட்டிட்டீங்களா?"ன்னுதான் முதல்ல கேட்பார். அதனால நான் அதுக்கு மறுவிலை பூஜ்யம்னே போடுவேன்.

லோன்ல வாங்கினா இன்னும் மோசம். 1,65,000, 14 சதவீத வட்டி, 36 மாசம். இஎம்ஐ சுமார் 5,640. மொத்த வட்டி சுமார் 38,000. கம்பெனி ஷாக் நாலும் கூலியும் சேர்த்தே 35,000தானே? வட்டிக்குக் கட்டற காசுலயே ஒரு முழு செட் வந்துடுது. நண்பருக்கு ஏற்கனவே இருக்கிற 24,000-ஐயும் சேர்த்தா, டீசல் போடறதுக்கு முன்னாடியே கைக்கு வர்ற சம்பளத்துல 38 சதவீதம் ஒரே வண்டிக்குப் போகுது. எமர்ஜென்சி ஃபண்டையும் தொட வேண்டாம்னு சொன்னேன். ஷாக் தேயறது எமர்ஜென்சியே கிடையாது, வண்டி வாங்கின அன்னிக்கே தெரிஞ்ச செலவு. மாசா மாசம் ஓடோமீட்டரைப் பார்த்து, ஓடின கி.மீ.க்கு 1 ரூபாய் வீதம் தனிக் கணக்குல போட்டுட்டு வாங்க. ஷாக் வேலைக்கு அதுவே போதும். டயருக்குத் தனியா ஒதுக்கணும்.

அவர் எடுத்த முடிவு: 4 வருஷத்துல விக்கிற எண்ணம் இருக்கிறதால முதல் வகை, போனஸ் காசுல.

பில், சட்டம், இன்ஷூரன்ஸ்

2025 செப்டம்பர் 22லேர்ந்து வாகன உதிரி பாகத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஷாக் அப்சார்பருக்கு முன்னாடி 28 இருந்தது. பழைய கொட்டேஷன் வெச்சிருந்தா புதுசா வாங்குங்க. "பில் இல்லாம எடுத்தா 18 சதவீதம் மிச்சம் சார்"னு சொல்ற கடைக்கு என் பதில் வேண்டாம்தான். பில் இல்லன்னா வாரன்ட்டி இல்ல, போலி சரக்கா இருந்தா கேட்கவும் வழியில்ல. இந்தச் செலவை வரியில கழிக்கலாமான்னும் கேட்கறாங்க. சம்பளக்காரர் தன் சொந்த வண்டிக்குச் செய்யற ரிப்பேருக்கு அப்படி ஒரு கழிவு கிடையாது.

பழைய ஷாக்கை ஓட்டை போட்டு, எண்ணெய் நிரப்பி, வெல்டு வெச்சு "ரீகண்டிஷன்" செஞ்சு தர்ற இடங்களும் இருக்கு. இவ்வளவு கனமான வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஷாக் மாத்தும்போதே "ரெண்டு இன்ச் லிஃப்ட்டும் போட்டுடலாம்"னு சொன்னா கொஞ்சம் நிறுத்திக் கேளுங்க. உயரம் ஏறினா முன் ஆக்ஸில் ஜாயின்ட்டோட கோணம் மாறும், அலைன்மென்ட் மாறும், ஹெட்லைட் எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும். இதைச் சரி செய்ய இன்னும் சில பாகம் வேணும்னு பில் நீண்டுட்டே போகும். சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை வெச்சு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. தேய்ஞ்ச ஷாக்குக்குப் பதிலா அதே அளவுல வேற ஷாக் போடறது பராமரிப்பு. லிஃப்ட் கிட் அந்தக் கணக்குல வராது. போட்டே ஆகணும்னா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுத்துல தெரிவிச்சு, பதிலை வாங்கி வெச்சுக்கோங்க.

மாத்தற அன்னிக்கு ஒண்ணு ரெண்டு விஷயம். எப்பவும் ஒரு ஆக்ஸிலுக்கு ஜோடியா மாத்துங்க, புஷ்ஷும் மேல் மவுன்ட்டும் சேர்த்து. முன்பக்கம் காயிலை அமுக்கிப் பிடிக்கிற கருவி இல்லாத இடத்துல வேலையைக் கொடுக்காதீங்க, அந்த ஸ்பிரிங் தெறிச்சா ஆளைக் காயப்படுத்தும். முடிஞ்சதும் அலைன்மென்ட், 1,000 கி.மீ. ஓடினதும் போல்ட் எல்லாம் ஒரு தடவை டைட். பில்லையும், ஷாக் மேல இருக்கிற பார்ட் நம்பரையும், அன்னிய ஓடோமீட்டரையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வாரன்ட்டி கேட்கப் போகும்போது இந்த மூணையும்தான் கேட்பாங்க.