தாயின் கணக்கும் பள்ளியின் கணக்கும்

கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடற்கரையில், மீன் விற்கும் இடம் எதிலும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. கூறு 80 உருபா என்கிறாள் மீன் விற்கும் தாய். வாங்க வந்தவர் மூன்று கூறு எடுத்துக்கொண்டு 500 உருபாத் தாளை நீட்டுகிறார். தாளும் எழுதுகோலும் இன்றி, கண் இமைக்குமுன் 260 உருபா அவர் கைக்கு வந்துவிடுகிறது. அக்கணக்கில் பிழை நேர்வதில்லை. நேர்ந்தால் அன்று அடுப்பு எரியாது!

அதே தாயிடம், மாலையில், மூன்றாம் வகுப்பில் பயிலும் மகன் கணக்குநூலைக் கொண்டுவந்து நீட்டுகிறான். ஒரு பொம்மை 80 உருபா. மூன்று பொம்மை வாங்கி 500 உருபா கொடுத்தால் மீதி எவ்வளவு? காலையில் அவள் போட்ட அதே கணக்குத்தான். ஆயினும் நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. “எனக்கென்ன கண்ணு தெரியும்? டியூசன் அக்காவைப் போய்க் கேளு” என்கிறாள். கணக்கறிந்த தாய், கணக்கறியாதவளாகத் தன் பிள்ளையின் முன் தலைகுனிகிறாள். அவளை அறியாதவளாக்கியது எண்ணன்று, மொழி!

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வரும் வாழ்க்கைக் கணக்கில் எண் பாதி, மொழி பாதி. மொழி விளங்காத பிள்ளை என்ன செய்யும்? கண்ணிற்பட்ட எண்களைப் பிடித்து ஏதேனும் செய்துவைக்கும். பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரக் கணக்காசிரியர் குழுவொன்று இதனை ஆய்ந்து 1980-இல் வெளியிட்டது. “ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன; கப்பல் தலைவனின் அகவை என்ன?” என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டனர். அவர்களுள் 76 பேர் கொடுத்த எண்களைக் கொண்டே விடை ‘கண்டுபிடித்து’விட்டனர்! தாய்மொழியில் கேட்டபோதே இந்நிலை எனின், அயன்மொழியில் கேட்டால் பிள்ளையின் கதி என்ன?

வேறொரு செய்தியும் உண்டு. பிரேசில் நாட்டின் இரெசிபே நகரில், தெருவில் பொருள் விற்கும் பிள்ளைகள் ஐவரை ஆய்ந்து 1985-இல் மூவர் கட்டுரை வெளியிட்டனர். விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளுக்கு அப்பிள்ளைகள் 98 விழுக்காடு சரியாக விடையிறுத்தனர். அத்தகைய கணக்குகளையே பின்னர்க் கதையாகச் சொல்லிக் கேட்டபோது 74 விழுக்காடு. வெறும் எண்களாகத் தந்தபோது 37 விழுக்காடு! பொருள் விளங்கும் கதை பிள்ளைக்குக் கைகொடுக்கிறது என்பதே இதன் பாடம். ஆயினும் சந்தையறிவு தானாகவே பள்ளியறிவாகிவிடாது. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலைசெய்யும் பிள்ளைகளைப் பற்றி 2025-இல் வெளிவந்த ஆய்வும் அதனையே உறுதிசெய்தது. இரண்டுக்குமிடையே பாலம் வேண்டும். அப்பாலத்தைக் கட்டவல்லவர் பெற்றோரே.

கதைக்கணக்குத் தமிழனுக்குப் புதிதன்று. காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ நிலமும் பொன்னும் நெல்லும் பலாச்சுளையும் கொண்டே கணக்குக் கற்பித்தது. திண்ணைப்பள்ளியில் எண்சுவடி ஓதிய பிள்ளைகள் முந்திரி, காணி, மா என்னும் கீழ்வாயெண்களைப் பழகினர். மணலில் விரலால் எழுதினர். சென்னையில் அம்மணலெழுத்தைக் கண்ட ஆந்திரூ பெல் என்னும் இசுக்காத்துலாந்தியர், எழும்பூர்ப் பிள்ளையில்லத்தில் அதனைப் புகுத்தினார்; 1797-இல் நூலாகவும் வெளியிட்டார். ஆயினும் பழம்பெருமை பேசி அமைதல் போதாது. அத்திண்ணைகளில் பெண்பிள்ளைகள் மிக அரியர். ஒதுக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகளுக்கு அங்கு இடமே அரிது. இன்று பள்ளி எல்லார்க்கும் திறந்திருக்கிறது. திறந்த கதவுக்குள் அயன்மொழியைச் சுவராக எழுப்புவது யாருக்கு நலம்? 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியமை அச்சுவரை உயர்த்தவே செய்தது.

செங்கழுநீர்ப்பட்டுப் பெற்றோரும் கடற்கரைப் பெற்றோரும் செய்யத்தக்கது எளிது, காசு வேண்டாதது. முதலில் கணக்கைத் தமிழிற் சொல்லுக. நூல் ஆங்கிலத்திலிருந்தால் படித்த அண்ணனோ அக்காளோ பொருளைச் சொல்லட்டும். பின், எண்களை விட்டுவிட்டுக் கதையைமட்டும் பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். “என்ன நடந்தது? எதைக் கேட்கிறார்கள்?” என்னும் இரு வினாக்களே போதும், எழுத்தறியாத தாயும் இவற்றைக் கேட்கலாம்.

“கூட்டலா, கழித்தலா?” என்று மட்டும் கேளற்க. “மாறனிடம் 12 கிளிஞ்சல் உள்ளன, அவை வள்ளியிடம் உள்ளவற்றைவிட 5 மிகுதி, வள்ளியிடம் எத்தனை?” என்பது கணக்கு. ‘மிகுதி’ என்னும் சொல்லைக் கண்டதும் கூட்டி 17 என்னும் பிள்ளைகள் பலர். “யாரிடம் நிறைய இருக்கிறது?” என்று ஒருமுறை கேட்டால், மாறனிடம் என்று பிள்ளையே சொல்லும், வள்ளியிடம் குறைவு என்றும் காணும். கிளிஞ்சலையோ புளியங்கொட்டையையோ மணலில் வைத்துப் பார்த்தால் 7 என்னும் விடை தானே வரும். அவ்விடையைக் கதைக்குள் மீண்டும் வைத்துப் பார்க்கச் சொல்லுக: ஏழுடன் ஐந்து பன்னிரண்டு, சரி! விடையைப் பெற்றோர் சொல்லிவிடுதல் துணையன்று. பிள்ளையின் சிந்தனையைப் பறித்தலே ஆகும்.

தமிழன்பர்க்கும் ஒரு சொல். தூய தமிழ் என்பது அகரமுதலியில் உறங்கும் அருஞ்சொற்களைக் குழந்தையின் கணக்குநூலிற் கொட்டுவதன்று. கூறு, கூடை, படி, உழக்கு, மீதி, பங்கு என்று கடற்கரைத் தாய் நாள்தோறும் வழங்கும் சொற்களும் தூய தமிழே. ஆங்கிலத்தை நீக்கிவிட்டு அவள் அறியாத தமிழை வைத்தால், அவள் மீண்டும் தலைகுனியவே நேரும். ஒவ்வோர் அன்பரும் தம் தெருவில் நான்கு பிள்ளைகளையும் அவர்தம் தாய்மாரையும் மாலையில் ஒருங்கே அமர்த்தி, அவர்கள் வாய்மொழியிலேயே கணக்குச் சொல்லட்டும். மேடையில் முழங்கும் நூறு முழக்கத்தினும் அத்திண்ணை பெரிது.

காலையில் 260 உருபாவைப் பிழையின்றி எண்ணித்தந்த அக்கை, மாலையில் மகனின் ஏட்டின்மேலும் தயங்காது விழவேண்டும். அந்நாளே தாய்மொழிக் கல்வி வென்ற நாள்!