பண்டத்திற்கு ஒரு வழி, மாந்தர்க்கு ஒரு வழி

எல்லையூர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோட்டையையும் சுங்கச் சாவடியையும் எழுதி அமைவர். அவ்வூரின் வழியே நாள்தோறும் போய் வருவோரைக் குறித்து எழுதுவார் அரியர். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரை இப்பின்னைய நோக்கில் காண விழைகிறோம்.

ஊருக்கு மேற்கே மலை அரணாய் நிற்கிறது. 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் போடிமெட்டு, அதற்கப்பால் கேரளம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் பெருவாரியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு சேர்ந்தன. மலையில் உழைப்போரின் உறவும் ஊரும் அடிவாரத்தில் இருக்க, அவர்தம் வேலை வேற்று மாநிலத்தில் அமைந்துவிட்டது.

மலைப் பண்டம் கீழே இறங்குவது நமக்குப் புதிதன்று. மிளகு மூட்டை சுமந்த கழுதைகளோடு வணிகர் கூட்டம் சுங்கம் கொள்ளும் வழியில் செல்லும் காட்சியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. பின்னாளில் நம் இராவுத்தர் குடும்பங்கள் பலவும் ஏலமும் மிளகும் வாங்கி விற்று வாழ்ந்தன. ஆங்கிலேயர் காலத்தில் இவ்வழி பொறியியலின் துணை பெற்றது. மூணாற்றுத் தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இரயில் 'டாப் ஸ்டேஷன்' வரை கொணர, அங்கிருந்து கம்பிவடம் அதனைக் கோட்டகுடிக்கு இறக்கிற்று. கோட்டகுடியிலிருந்து போடிக்குச் சாலை. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விரயிலை அழித்தது. தேயிலை வானில் மிதந்து இறங்கிய அந்நாளில், அத்தேயிலையைப் பறித்தவர்கள் மலையை நடந்தே ஏறினர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1928இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் பாதை வந்தது. மலை விளைபொருள்களே அதன் முதன்மை நோக்கம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சென்றனர். 1950களில்தான் மீண்டும் பதித்தனர். 2010ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதைப் பணிக்கென வண்டி நின்றது. ஏறத்தாழ 90 கி.மீ. நீளமுள்ள பாதை அது. தேனிக்கு வண்டி வர 2022 மே ஆயிற்று. போடிக்கு வர 2023 சூன் ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல்! பெருநகர் ஒன்றின் பாதையை இத்தனை ஆண்டு மூடி வைக்க எவரேனும் துணிவரோ? எல்லையூரின் பாதை வேண்டும்போது இடவும் வேண்டாதபோது எடுக்கவும் உரியது என்னும் எண்ணம் 1942இல் தோன்றியது. அது இன்னும் முற்றும் அகலவில்லை என்றே கூறுவோம்.

இந்நிலை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. மத்திய ஆசியாவில் ஆமு தரியா ஆற்றங்கரையில் திர்மிஸ் என்னும் ஊர் உள்ளது. ஹதீஸ் தொகுப்பாளர் ஆறு பெருமக்களுள் ஒருவரான இமாம் திர்மிதி அவர்களின் பெயரிலேயே அவ்வூர் விளங்குவதை நம் மாணவர் அறிவர். சோவியத் அரசு அங்கே ஆப்கானிய எல்லையில் 1982இல் பாலம் ஒன்று திறந்து, அதற்கு 'நட்புப் பாலம்' எனப் பெயரும் சூட்டியது. 1989 பிப்ரவரியில் அதன் படையின் கடைசி அணி அப்பாலத்தின் வழியே திரும்பிற்று. 1997இல் மூடப்பட்ட பாலம் 2001 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. பாலத்தை மூடுவதற்கும் திறப்பதற்கும் கரைவாழ் மக்களை எவரும் கேட்டதில்லை.

நம் மேட்டுக்கு மீள்வோம். போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னேலம் நடைபெறுகிறது. ஏலத்திற்கு ஏலம்! ஒரு கிலோ காய்க்குக் கிடைத்த விலை நொடிப்பொழுதில் இரு மாநிலத்தாருக்கும் தெரிகிறது. அக்காய்க்கு எல்லை ஒரு தடையன்று. அதனை எடுக்கும் பெண்களோ, விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்புக்குக் காத்து நிற்கின்றனர். போடியில் மட்டுமன்று, தேவாரம், கம்பம், கூடலூர் எங்கணும் இக்காட்சியே. அளவுக்கு மிஞ்சி ஆளேற்றிய ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழிகளில் ஏறுகின்றன. விபத்து நேர்ந்த மறுநாள் சோதனை கடுமையாகும்; சில வாரங்களில் தளரும்.

ஜீப்பையே தடை செய்க என்பார் கூற்றை நாம் ஏற்கவில்லை. தோட்டத்துக்குள் செல்லும் கரடுமுரடான வழியில் பேருந்து போகாது. ஜீப் ஓட்டுநரும் இப்பள்ளத்தாக்கின் ஏழைப் பிள்ளையே. மெட்டு வரை அரசுப் பேருந்து, அங்கிருந்து அளவான ஆளோடு ஜீப் என்னும் ஏற்பாடு இயலாததன்று. விடியற்காலைப் பேருந்துகளை இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் கூடி, தோட்ட வேலை நேரத்தை ஒட்டி இயக்க வேண்டும். மெட்டுகளில் பெண்களுக்குக் கழிப்பறையும் மழைக்கு ஒதுங்கக் கூரையும் வேண்டும். வண்டியைச் சோதிக்க இடம் கண்டோர்க்கு இதற்கும் இடம் காணல் அரிதாமோ?

இதனினும் பெரிது ஒன்று உண்டு. எல்லை மூடும் நாளில் இவர்கள் கதி யாது? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு குறித்த பதற்றத்தில் குமுளி வழி அடைபட்டது; தோட்டத் தமிழர் பலர் அஞ்சி மலையிறங்கினர். 2020 மார்ச்சில் ஊரடங்கு நெருங்கிய வேளையில், தோட்டத்திலிருந்து காட்டு வழியே நடந்து ஊர் திரும்பிய தொழிலாளர் சிலர் போடி அருகே இராசிங்கபுரம் மலைப்பகுதியில் காட்டுத்தீயில் சிக்கினர். மாண்டோருள் ஒரு குழந்தையும் அடங்கும். கொள்ளை நோய்க்கு அஞ்சி நடந்தோரைத் தீ கொண்டது. வழி ஒன்று முறையாகத் திறந்திருப்பின் அவர்கள் காட்டுக்குள் புகுந்திரார்.

நம் வகுப்பறைகளில் இத்தாய்மாரின் மக்கள் பயில்கின்றனர். மலையில் வேலையற்ற வாரங்களில் தேர்வுக் கட்டணம் தாமதமாவதை நாம் கண்டிருக்கிறோம். ஆதலின் இது நமக்குப் புறத்தே நிற்கும் செய்தியன்று.

தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் தோட்டத் தொழிலாளர்க்கென ஒரு பொது அடையாள அட்டை வழங்கலாம். எக்காரணத்தால் எல்லை அடைபடினும், அவ்வட்டை உடையோர் ஊர் திரும்பும் வரை ஒரு வழியேனும் திறந்திருக்க வேண்டும் என்பதை இரு அரசுகளும் எழுத்தில் உறுதி செய்யலாம். அதற்குப் புதுப் பாலமோ புதுத் தண்டவாளமோ தேவையில்லை. இரண்டு கையொப்பம் போதும்.