அடியில் போனதை யார் எடுப்பது?

எங்கள் நாய் மணிக்குப் பதிமூன்று வயது முடிந்துவிட்டது. சிறுநீரகம் தளர்ந்துபோனதால் தண்ணீர் நிறையக் குடிக்கிறான், ராத்திரியில் அடக்க முடிவதில்லை. கதவு வரைக்கும் போய் நிற்பான். நான் எழுந்து வருவதற்குள் அங்கேயே போய்விடும். காதை மடக்கிக்கொண்டு மூலையில் போய்ப் படுத்துவிடுவான். அவனைத் திட்ட எனக்கு மனசு வராது. என் கோபமெல்லாம், செல்லப்பிராணிக் கறையை எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி மெஷின் விற்கிறவர்கள் மேல்தான்.

நாங்கள் இருப்பது நியூஜெர்சியில், வாடகை வீடு. ஹாலிலும் அறைகளிலும் சுவருக்குச் சுவர் கார்ப்பெட். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்பாள்: "ஏண்டி, ஒரு வாளி தண்ணிய ஊத்தி வெளக்கமாத்தால தள்ளிவிட்டா போச்சு, இதுக்குப் போயா இவ்வளவு பாடு?" சிமெண்டுத் தரையில் வளர்ந்தவளுக்கு அது நியாயமான கேள்விதான். இங்கே தண்ணீரை ஊற்றினால் அது எங்கே போகும்? அதுதான் முழுப் பிரச்சினையும்.

முதலில் வாங்கியது கையடக்க மெஷின். பெட்டியின் மேல் நாய்க்குட்டிப் படம். தண்ணீரைப் பீய்ச்சி, உறிஞ்சி எடுக்கும். உறிஞ்சிய தண்ணீர் மஞ்சளாகத் தொட்டியில் விழுந்ததைப் பார்த்து, கறை போய்விட்டது என்றுதான் நம்பினேன். மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே கறை, முன்பைவிட அகலமாக. அடுத்தது, பிரஷ் சுழலும் பெரிய மெஷின். அது நூலின் முறுக்கைப் பிரித்துப் பஞ்சாக்கியதோடு சரி. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்த மெஷின் ஊற்றிய தண்ணீரில் பாதியைக்கூட எடுக்கவில்லை. கார்ப்பெட் இரண்டு நாள் ஈரமாகவே கிடந்தது. நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று இந்த நாட்டுச் சுற்றுச்சூழல் துறையே சொல்கிறது. ஆவி மெஷின் ஒன்றையும் விற்கப் பார்த்தார்கள். சிறுநீர்க் கறையில் சூடான ஆவியைக் காட்டினால் கறையும் வாடையும் நூலோடு இறுகிவிடும் என்று விலங்குநல அமைப்புகள் எச்சரிக்கின்றன. அந்தக் கடையில் யாரும் அதைச் சொல்லவில்லை.

இத்தனைக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் விரிக்கப்படும் கார்ப்பெட்டில் பெரும்பகுதி ஜார்ஜியா மாநிலத்து டால்டன் வட்டாரத்தில் தயாராவது. ஒரு துணியில் ஆயிரக்கணக்கான ஊசிகள் நூலைக் குத்திக் குத்தி ஏற்றி, அடியில் பசை தடவி, இன்னொரு துணியை ஒட்டுவார்கள். அந்தப் பசை தண்ணீரை முழுக்க நிறுத்தாது. அதற்குக் கீழே, பழைய நுரைத் துண்டுகளை அரைத்து ஒட்டிச் செய்த பேட். அதற்கும் கீழே ஒட்டுப்பலகை. மணி விடுவது ஒரு டம்ளர் இருக்கும். மேலே உள்ளங்கை அகலம்தான் தெரியும். அடியில் பேட் ஸ்பாஞ்சுபோலக் குடித்துத் தட்டு அகலத்துக்குப் பரப்பி வைத்திருக்கும். மேல்நூலை நாம் சுத்தம் செய்து உலரவிட்டதும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அடியில் இருப்பது நூல்வழியாக மேலே ஏறி வரும். சிறுநீரின் உலர்ந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் ஜூலை மாதப் புழுக்கத்தில் வீடு முழுக்க அந்த நெடி மறுபடி கிளம்பும்.

இதை எனக்குப் புரியவைத்தது எந்தப் பெட்டியும் இல்லை, கார்ப்பெட் சுத்தம் செய்ய வந்த ஒரு பெரியவர். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துக் கறையின் உண்மையான எல்லையைக் காட்டினார். நான் மூன்று தடவை சுத்தம் செய்த இடம், நிலா வட்டம்போல ஒளிர்ந்தது. என்சைம் கலந்த தண்ணீரைத் தாராளமாக ஊற்றினார். மேலே போனது எவ்வளவோ அதைவிடக் கூடுதலாக அடியில் இறங்க வேண்டுமாம். உடனே உறிஞ்சிவிடாமல் ஊறவிட்டார். என்சைம் வேலை செய்ய ஈரமும் நேரமும் வேண்டும். பிறகு பையிலிருந்து தட்டையான ஒரு கருவியை எடுத்தார். அடிப்பக்கம் முழுக்கத் துளைகள், மேலே கண்ணாடிபோல ஒரு சாளரம். அதைக் கறைமேல் வைத்து, குழாயை மாட்டி, இரண்டு காலாலும் ஏறி நின்றார். அவர் கனத்தில் பேட் அமுங்கியது. சாளரத்தில் முதலில் தேநீர் நிறத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு போனது. ஓர் அடி தள்ளி வைத்து மறுபடி ஏறி நின்றார். அங்கும் மஞ்சள். சாளரம் தெளியும்வரை அவர் இறங்கவில்லை.

அப்போதுதான் எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை மாதமாக நான் வாங்கியதெல்லாம் தலையைத் துவட்டும் துண்டு. தேவைப்பட்டது மெத்தையைப் பிழியும் கை. அந்தத் தட்டைக் கருவியை வாங்கினால் போதுமா என்று கேட்டேன். இழுவிசை இல்லாத மெஷினில் மாட்டினால் அது வெறும் தட்டுதான் என்றார். என் சின்ன மெஷினின் குழாயில் அது மாட்டவே இல்லை.

இழுவிசை எவ்வளவு என்று பார்த்து வாங்கலாம் என்றால், அந்த எண்ணைப் பெட்டியில் போட்டால்தானே! மெஷின் தண்ணீரை எத்தனை அங்குல உயரத்துக்கு இழுத்து நிறுத்தும் என்பதுதான் அதற்குக் கணக்கு. தொழில்காரர்கள் வாங்கும் மெஷினில் 100 அங்குலத்துக்கு மேல், சிலவற்றில் 200 என்றுகூடப் போட்டிருப்பார்கள். வீட்டு மெஷின் பெட்டியில் ஆம்பியர் இருக்கிறது, தொட்டியின் கொள்ளளவு இருக்கிறது, வாசனைத் திரவத்தின் பெயர் இருக்கிறது. கேட்க வேண்டிய அந்த ஒரு எண் மட்டும் இல்லை. புடவைக் கடைக்காரர்கூட ஜரிகை அசலா போலியா என்று கேட்டால் பதில் சொல்கிறார். இங்கே நூறு, இருநூறு டாலர் கொடுத்து வாங்குகிறவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

பணம் மட்டும் போனால் பரவாயில்லை என்பேன். இந்த மாநிலத்தில் வீட்டுக்காரர் ஒன்றரை மாத வாடகை வரை முன்பணம் வாங்கலாம். காலி செய்யும்போது கார்ப்பெட்டில் வாடை இருந்தால் கை வைப்பது அதில்தான். அந்தப் பயத்தில் வயசான நாயைக் காப்பகத்தில் கொண்டு விடலாமா என்று யோசிக்கிற வீடுகள் இருக்கின்றன. எங்கள் வீட்டிலும் ஒருநாள் அந்தப் பேச்சு வந்தது. பதின்மூன்று வருஷம் நம் காலடியில் கிடந்த உயிரை, ஒரு நுரைத் துண்டு குடித்த ஈரத்துக்காகவா அனுப்புவது? பேட் கெட்டுப்போயிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைக்கலாம், பலகைக்கு வாடை அடைக்கும் பிரைமர் பூசலாம். இந்த வழி இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

மெஷின் செய்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. இது மேல்நூலுக்கு மட்டும், பேட்வரை போனதை இது எடுக்காது என்று ஒரு வரி. இழுவிசை இத்தனை அங்குலம் என்று ஓர் எண். அந்த நாய்க்குட்டிப் படத்துக்குப் பக்கத்திலேயே அச்சடியுங்கள். அதை நம்பித்தான் ராத்திரி மூன்று மணிக்கு, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.