சித்தூரில் ஆலிவ் காய்க்குமா?

2025-ல் தோத்தாபுரி விலை சரிஞ்சதும், "சித்தூர்ல மாமரத்தை வெட்டிட்டு ஆலிவ் வைக்கலாமா?"ன்னு இங்கே சூப்பர்மார்க்கெட்ல எண்ணெய் விலையைப் பார்த்த நம்ம ஆட்கள் கேட்கறாங்க.

என் கருத்து: வேண்டவே வேண்டாம்.

மரம் வளரும்ங்க, வருஷம் முழுக்கப் பச்சையாவே நிக்கும். ஆனா பூக்கறதுக்குப் பல வாரம் நல்ல குளிர் வேணும். ராஜஸ்தான்ல 2007-ல இஸ்ரேல் உதவியோட ஆரம்பிச்சாங்க. 2014-ல லுங்கரன்சர்ல எண்ணெய் ஆலையும் வந்தது. அது பாலைவனம்தான், ஆனாலும் குளிர்காலத்துல ராத்திரி நடுக்கிடும். சித்தூர், திருப்பதி மார்கழிக் குளிர் நமக்குப் போதும், ஆலிவுக்குப் போதாது. பூவே இல்லாம காய் ஏது?

ஆலிவ் குடும்பம்தான் வேணும்னா மல்லிகை வைங்க. அதுவும் அதே குடும்பம்தான்; நம்ம வெயில்ல ஜோரா பூக்கும்.

ஒரு வருஷ விலைக் கோபத்துல, அப்பா வளர்த்த மாந்தோப்பை மட்டும் வெட்டிடாதீங்க.