முதுகில் போட்ட ஊசி ஏன் சிலருக்கு மரப்பதில்லை?

பி.காம். படிக்கிற பிள்ளைக்கு மயக்க மருந்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் லாத்தாவுக்கு சிசேரியன் நடந்தபோது, முதுகில் ஊசி போட்ட பிறகும் கத்தி பட்டதும் வலித்திருக்கிறது. "வலிக்குது" என்றதற்கு, "பயம்தாம்மா, ஒண்ணுமில்லை" என்றார்களாம். பிறகு முழு மயக்கம் கொடுத்துத்தான் முடித்தார்கள். காயல்பட்டினம் வீட்டுக்கு வந்த பிறகும் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதையே சொன்னார்கள்: பயந்த பிள்ளை! அந்தக் கோபத்தில் தேடிப் படித்ததுதான் இது.

கீழ் முதுகெலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசியை விட்டு, நரம்புகளைச் சுற்றியுள்ள நீரில் மருந்தைச் சேர்க்கிறார்கள். இரண்டு மூன்று மில்லிதான். நீர் சொட்டுவதைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். ஆனால் சிரிஞ்சை மாட்டும்போது ஊசி நுனி சற்று நகர்ந்தாலே மருந்தில் ஒரு பங்கு உறைக்கு வெளியே போய்விடலாம். அடுத்தது, குளுக்கோஸ் கலந்த கனமான மருந்து பள்ளம் பார்த்து ஓடும். முதுகெலும்பு கூனியிருந்தாலோ, ஊசி போட்டபின் அதிக நேரம் உட்கார வைத்தாலோ, அது கீழேயே தங்கிவிடும். கால் மரக்கும், வயிறு மரக்காது. அறுவை நீண்டுவிட்டால் மருந்தின் வேகம் குறைவதும் உண்டு. தேள் கொட்டு வாங்கியவர்களுக்கு இந்த மருந்து சரியாகப் பிடிப்பதில்லை என்று நம் நாட்டு மருத்துவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். அது இன்னும் நிரூபணமாகவில்லை.

இந்த முறையைத் தொடங்கிய ஜெர்மன் மருத்துவர் ஆகஸ்ட் பியருக்கே இது நடந்திருக்கிறது! 1898-ல் தன் முதுகிலேயே உதவியாளரைப் போடச் சொன்னார். சிரிஞ்சு ஊசியில் பொருந்தவில்லை. மருந்தில் பெரும்பகுதி வெளியே வழிந்து, மரக்கவே இல்லை. அவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்லவில்லை. பிறகு உதவியாளருக்கு அவர் போட்டது நன்றாகவே பிடித்தது.

கணக்கு இடிக்கிறது என்று குமாஸ்தா சொன்னால் முதலாளி பேரேட்டைத்தானே புரட்டுவார்? தொடுவதும் இழுப்பதும் தெரியத்தான் செய்யும், வலி தெரியக்கூடாது. இதை முன்பே சொல்லிவிட்டு, குளிர்ச்சி தெரிகிறதா என்று மார்பு வரை தொட்டுப் பார்த்த பிறகே கத்தி வைக்கவேண்டும். அதன் பிறகும் வலிக்கிறது என்றால் நிறுத்தவேண்டும். பெரும்பாலான மருத்துவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். செய்யாத இடத்தில் மாட்டியவருக்கு அது என்ன ஆறுதல்?

லாத்தாவுக்கு அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். மயக்க மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டப் போகிறோம்.