சவர்க் கிணறும் கேம்பிரிட்ஜும்

தமிழர் ஒருவர் பிறநாட்டுப் பல்கலைக்கழகத்திலே பெயர் பெற்றுவிட்டாற் போதும். நம்மவர் மாலையும் கையுமாய்ப் புறப்பட்டுவிடுவர். பட்டங்கள் வரிசையாக வாசிக்கப்படும். அவர் எதை ஆய்ந்தார், அந்த ஆய்வினால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பார் அந்தக் கூட்டத்தில் அரியர்.

நிர்ப்பீடனவியல் அறிஞர் ரஞ்சன் இராமசாமியை எடுத்துக்கொள்வோம். 1974 ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் அலன் மன்றோ, சேசர் மில்ஸ்டீன் ஆகியோருடன் இணைந்து, குருதியிலுள்ள ‘பீ’ வகை நிணநீர்க்குழியங்கள் பற்றி எழுதியவர் இவர். அந்த மில்ஸ்டீனே 1984 இல் நோபல் பரிசு பெற்றார். மாலைக்கு இது போதும். ஆனால், இதற்குப் பின் வந்த பகுதியே பெரிதென்பது நமது துணிபு. மலேரியாவின் பக்கம் அவர் திரும்பினார். நுளம்பு நம்மைக் கடிக்கும்போது குருதியோடு பிறபொருளெதிரிகளையும் உறிஞ்சிக்கொள்கிறது. அவை நுளம்பின் குடலுக்கே எதிரானவையாக இருப்பின், அதனுள் மலேரியா ஒட்டுண்ணி செவ்வனே வளராது. 1990களில் கண்டியிலிருந்து வெளிவந்த இவ்வாய்வுகளில் இவருக்கு முக்கிய பங்குண்டு.

அடுத்து நமது மண்ணுக்கே வருகிறோம். டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரிலேதான் முட்டையிடும் என்பது நெடுங்காலப் பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்த நோபிள் சுரேந்திரனும் இராமசாமியும் அவர்தம் குழுவினரும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோரமாக நடந்து பார்த்தனர். எறியப்பட்ட பிளாஸ்ரிக் பாத்திரங்கள், கைவிடப்பட்ட வள்ளங்கள், பாழ்கிணறுகள் என எல்லாவற்றிலும் தேடினர். உவர்நீரிலே டெங்கு நுளம்பின் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன! லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீர் அது. கடல்நீரில் இருப்பதோ ஏறத்தாழ 35 கிராம். அத்தகைய இடங்களை அண்டி யாழ் நகரில் டெங்கு நோயாளரும் மிகுந்திருந்தனர். 2011 இல் இது அச்சேறியது. பத்தாண்டு கழித்து, உவர்நீருக்குப் பழகிய நுளம்புகளின் உடலை மூடிய தோற்படையே மாறியிருப்பதையும் இவர்கள் காட்டினர்.

வற்றாத ஆறில்லாத நாடு நமது குடாநாடு. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மாரி மழை, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதை அள்ளித்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். இயந்திரம் பூட்டி அளவின்றி இறைக்க, உப்பு மேலேறுகிறது. கடல்மட்டமோ உயர்ந்து வருகிறது. நேற்று நல்ல தண்ணீர்க் கிணறாயிருந்தது இன்று சவர்க் கிணறு. நன்னீர் நுளம்பு உவருக்குப் பழகினால் யாருடைய வாசலில் நோய் வந்து நிற்கும் என்பதை விளக்கவும் வேண்டுமோ? 2017 இல் இலங்கை முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக்கு ஆளானதை நாம் மறந்துவிடலாகாது.

இத்துணை முக்கியமான செய்தி, இந்த மண்ணின் சவர்நீரிலே பிறந்த செய்தி, எங்கே போயிற்று? ஆங்கில ஏடுகளுக்குப் போயிற்று. பிரேசிலில் இருப்பவன் படிக்கலாம். குருநகர்க் கரையில் வலை பொத்தும் தொழிலாளி படிக்க இயலாது. அவனுக்குக் கிடைப்பது பூச்சாடியும் சிரட்டையும் பழைய ரயரும் வரைந்த துண்டுப்பிரசுரம். முற்றத்துச் சிரட்டைக்குத் தண்டம்; கரையில் உக்கும் வள்ளத்துக்கும், கடல்கடந்தவர் பூட்டிவிட்டுப் போன வளவின் பாழ்கிணற்றுக்கும் கேள்வியில்லை. அறிஞருக்கு மாலை போடப் பணம் அனுப்புவோருள் அந்த வளவுகளின் சொந்தக்காரரும் இருக்கக்கூடும்!

ஆராய்ச்சியாளரை நாம் குறை கூறவில்லை. உலக அறிவுலகில் ஆங்கிலத்தில் எழுதாது இயங்க முடியாது. ஆனால், “தமிழில் இவற்றைச் சொல்ல முடியாது, கலைச்சொல் இல்லை” என்று உதட்டைப் பிதுக்கும் கனவான்களுக்கு ஒரு சொல். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், 1860களில் மானிப்பாயிலே மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழாக்கினார். அவரது சமய நோக்கம் வேறு விடயம். நம்முடைய உயர்தர வகுப்பு மாணவர் இன்று உயிரியலைத் தமிழிலேயே கற்கின்றனர். நிர்ப்பீடனம், பிறபொருளெதிரி, குடம்பி ஆகிய சொற்கள் அவர்களுடைய கொப்பிகளில் இருக்கின்றன. சவர் என்ற சொல்லோ பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கும் தெரியும். சொல் இல்லையென்பது பொய். சொல்ல மனமில்லை என்பதே மெய்.

பல்கலைக்கழகம், தன் வாசலில் நடந்த ஆய்வு ஒவ்வொன்றையும் இரண்டு பக்கத் தமிழில் எழுதிக் கிராம சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் அனுப்பினால் என்ன கெட்டுவிடும்? மாணவர் கிணறு கிணறாகச் சென்று உப்பையும் குடம்பியையும் கணக்கிட்டுப் பலகையில் எழுதி வைத்தால் எந்தப் பரீட்சை பாழாகும்?

காலமோ நமக்காகக் காத்திருக்கவில்லை. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னாரிலே ‘அனோபிலிஸ் ஸ்ரெபென்சி’ என்னும் புதிய மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் இனம் அது. பின்னர் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தது. கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகவல்லது. அதைப் பற்றியும் சுரேந்திரன் குழுவினர் எழுதிவிட்டனர், ஆங்கிலத்தில்.