ஸ்லைடு மட்டும் போதுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 20 வருஷமாக வங்கியில் குப்பை கொட்டும் ஆசாமி. இதைப் படித்துவிட்டு யாரும் சொந்த வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது.

போன வருஷம் மதுரையிலிருந்து அக்கா போன். "தம்பி, பையனுக்குத் தாடையை வெட்டணும்கிறாங்கடா."

பையனுக்கு 13 வயது. இரண்டு வருஷமாக வலது கன்னம், மேல்தாடைப் பக்கம், மெதுவாக வீங்கி வந்திருக்கிறது. வலி கிடையாது. துளி எலும்பை எடுத்து பயாப்சிக்கு அனுப்பியதில் 'ஆசிஃபையிங் ஃபைப்ரோமா' என்று அரைப் பக்க ரிப்போர்ட். புற்றுநோய் இல்லை, ஆனால் முழுசாக எடுத்தே ஆகவேண்டும், நாலைந்து பல்லும் போகும் என்றார்களாம். இது போதாதென்று, "உங்க பக்கத்துச் சீக்கு" என்று புகுந்த வீட்டில் பேச்சு வேறு.

டில்லிக்கு வரச் சொன்னேன். இங்கே ஸ்லைடைப் பார்க்கவேண்டிய டாக்டர் அதைக் கையில் வாங்கும் முன்னாலேயே கேட்டது, "எக்ஸ்ரே, சி.டி. எங்கே?" அக்கா விழித்தாள். முதல் லேபுக்கு எலும்புத் துணுக்கு மட்டும்தான் போயிருக்கிறது!

அவர் விளக்கியதும், அப்புறம் நான் தேடிப் படித்ததும் இதுதான். தாடையில் 'ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா' என்று இன்னொன்று உண்டு. லிக்டென்ஸ்டீன் 1938ல் வைத்த பெயர். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டிலும் நார்த்திசு, நடுவில் புது எலும்புத் துண்டுகள். டிஸ்பிளேசியாவில் அந்தத் துண்டுகள் வளைந்து நெளிந்து சீன எழுத்து மாதிரி கிடக்கும். ஓரத்தில் நல்ல எலும்போடு எல்லை தெரியாமல் கலந்துவிடும். ஃபைப்ரோமாவில் துண்டுகளைச் சுற்றி, வெல்லக்கட்டியை மொய்த்த எறும்பு போல, எலும்பு செய்யும் செல்கள் வரிசை கட்டும். குட்டிக் குட்டி உருண்டைகளும் இருக்கலாம். எல்லை தெளிவாகப் பிரியும்.

சுலபம் என்று தோன்றுகிறதா? தாடையில் வரும் டிஸ்பிளேசியா பழசாகும்போது அங்கேயும் எறும்பு வரிசை வந்துவிடும். எல்லையைப் பார்க்கலாம் என்றால், நடுவில் கிள்ளிய துணுக்கில் எல்லை எங்கே இருக்கும்? அதற்குத்தான் படம். டிஸ்பிளேசியா பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி மங்கலாகப் பரவியிருக்கும். ஃபைப்ரோமாவுக்கு வரப்பு இருக்கும்.

படமும் நோயாளி விவரமும் இல்லாவிட்டால் 'நாரும் எலும்பும் கலந்த ஏதோ ஒன்று' என்பதற்கு மேல் சொல்ல முடியாது என்று சார்லஸ் வால்ட்ரன் 1985லேயே எழுதிவிட்டார். படத்தைப் பார்த்தால் மனதில் ஒரு முடிவு உட்கார்ந்துவிடும், ஸ்லைடைத் தனியாகப் பார்ப்பதுதான் நேர்மை என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. காசோலையில் கையெழுத்து அச்சாகப் பொருந்தினாலும் தேதி, தொகை, இருப்பு பார்க்காமல் நான் பாஸ் செய்தால் என் வேலை போய்விடும். படம் வராமல் தாடை எலும்புக்குப் பெயர் எழுதித் தரமாட்டேன் என்று லேப் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாத சர்ஜன் மேலும் தப்பு, கையெழுத்துப் போட்ட லேப் மேலும் தப்பு.

ஏனென்றால் பெயர் மாறினால் வைத்தியமே மாறுகிறது. ஃபைப்ரோமாவை முழுசாக எடுக்கவேண்டும். டிஸ்பிளேசியா பெரும்பாலும் உடம்பு வளர்ந்து முடியும்போது வேகம் குறைந்துவிடும். கண்ணையோ நரம்பையோ அழுத்தாதவரை காத்திருந்து, பிறகு தேவைப்பட்டால் செதுக்கிச் சரிசெய்வார்கள்.

நாற்பதைத் தொடும் பெண்களுக்குக் கீழ் முன்பல் வேருக்கடியில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று வரும். எக்ஸ்ரேயில் சீழ் மாதிரி தெரியும். பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று சோதிக்காமல் ரூட் கெனாலுக்குத் தலையாட்டாதீர்கள்.

மதுரை லேபிலிருந்து ஸ்லைடோடு மெழுகு பிளாக்கையும் வாங்கி வந்திருந்தோம் (கேட்டால் தருவார்கள், கேளுங்கள்). அதிலிருந்து ஜிஎன்ஏஎஸ் என்ற மரபணுவையும் பார்த்தார்கள். மாற்றம் இருந்தது. டிஸ்பிளேசியாதான். அந்த மாற்றம் கரு உண்டான பிறகு ஏதோ ஒரு செல்லில் நேர்வது. அப்பா வழியும் இல்லை, அம்மா வழியும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். பல் தப்பித்ததுக்குக்கூட அப்படி அழவில்லை.

அடுத்த செக்-அப் ஜனவரியில். போன தடவை டில்லிக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் வந்து நடுங்கினான் பையன். இந்தத் தடவை இப்போதே வாங்கி வைத்தாயிற்று.